கால் அளவு முப்பத்தொன்று

பிப்ரவரி 4

டெய்லருக்கு,

நலம், நலமறிய ஆவல். கடிதம் என்றால் இப்படித் தொடங்க வேண்டுமாம், தொடங்கிவிட்டேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, நாலாவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். இனிமேல் எழுதிக்கொள்வோம், எழுதும்போதாவது ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கே புக முடியாது என்று போன மாதம் நீங்களே சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன்.

மாடிப்படிக்குக் கீழே நீங்கள் விட்டுப்போன சைக்கிள் அப்படியே கிடக்கிறது. பிரேம் கழுத்துப் பக்கம் பிளந்த நிலையில், பதினேழு மாதமாக. கீழ் வீட்டில் இருக்கும் உங்கள் தங்கை வேலைக்குப் போகும்போதெல்லாம் கைப்பையின் வாரை அதில் மாட்டிக்கொண்டு என்னைத் திட்டுகிறாள். உடைத்தது நீங்கள், திட்டு எனக்கு. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை வெளியே இழுத்தேன். பார்த்தால் சக்கரம் இரண்டும் நன்றாக இருக்கிறது. முன் சக்கரத்தைப் பிடிக்கிற போர்க், பெடல், செயின், ஹேண்டில் எல்லாம் துடைத்து எண்ணெய் விட்டால் போதும். போனது பிரேம் மட்டும்தான்.

எங்கள் கடையில் ஒரு குளிர்சாதன அறைக்கு அலமாரி செய்தது போக மெல்லிய இரும்புக் குழாய் ஆறு மிச்சம் இருக்கிறது. முதலாளி எடுத்துக்கொள் என்றார். தினமும் பிரிட்ஜுக்குச் செப்புக் குழாய் ஒட்டுகிற எனக்கு இரும்பை ஒட்டவா வராது? பிரேமை முதலிலிருந்து நானே செய்வதாக இருக்கிறேன். கடையில் விற்கிற சைக்கிள் எதுவும் உங்கள் உயரத்துக்குப் பொருந்துவதில்லை, முழங்கால் ஹேண்டிலில் முட்டும் என்று புலம்பிக்கொண்டே இருப்பீர்கள். அதற்கும் ஒரு முடிவு வரட்டும்.

உங்களுக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படியைக் காலி செய்வதற்காகச் செய்கிறேன். கால் அளவு மட்டும் எழுதி அனுப்பவும்.

மெக்கானிக்


பிப்ரவரி 15

மெக்கானிக் அம்மாவுக்கு,

நான் இந்தத் துணிக் கம்பெனிக்கு வந்து பதினேழு மாதத்தில் உன்னிடமிருந்து வரும் மூன்றாவது கடிதம் இது. முதல் கடிதம் கேஸ் இணைப்பு என் பேரில் இருப்பதால் கையெழுத்து வேண்டும் என்று வந்தது. இரண்டாவது, குழாய் ரிப்பேர்காரரின் நம்பர் எங்கே என்று வந்தது. அதனால் இதைப் பிரிக்கும்போது வீட்டில் என்ன உடைந்ததோ என்று பயந்துகொண்டே பிரித்தேன். உடைந்த ஒன்றை நீ சரி செய்யப் போகிறாய் என்று எழுதியிருந்தது. அறையில் பக்கத்துக் கட்டில்காரர் பட்டன் தைக்கும் மெஷினில் நிற்கிறவர். பேரே பட்டன் ஆகிவிட்டது. "வீட்டுல என்ன விசேஷம், சிரிக்கறீங்க?" என்று கேட்டார். சைக்கிள் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கால் அளவு முப்பத்தொன்று அங்குலம். இதற்கு டேப் தேவையில்லை. இருபது வருடமாக என் பேன்ட்டை நானே வெட்டித் தைக்கிறேன், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எத்தனையோ பேரை நான் அளந்திருக்கிறேன், என்னை ஒருத்தரும் டேப் வைத்துப் பார்த்ததில்லை. கேட்ட முதல் ஆள் நீதான். எதற்குக் கேட்டாயோ, சந்தோஷமாக இருந்தது.

ஒரு சந்தேகம். உருண்டையான குழாய் மேல் நேராக அறுத்த குழாயை வைத்தால் நடுவில் மட்டும்தான் தொடும், இரண்டு பக்கமும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதை எப்படி ஒட்டுவாய்? துணியாக இருந்தால் நான் சொல்லித் தருவேன்.

மாடிப்படிக்காக என்றாலும் பரவாயில்லை, எழுது.

டெய்லர்


மார்ச் 1

டெய்லருக்கு,

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நீங்கள் சொன்ன மாதிரியே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

முன் அறைக் கட்டிலைச் சுவரோரம் நகர்த்திவிட்டுத் தரையில் சைக்கிளை முழு அளவில் வரைந்தேன். நீங்கள் விட்டுப்போன தையல் சாக்குக்கட்டியால்தான். உங்கள் தங்கை வந்தால் பின் சக்கரத்தைத் தாண்டித்தான் நாற்காலிக்குப் போக வேண்டும். முதல் குழாயின் முனையை மீன் வாய் மாதிரி வளைவாக அராவ வேண்டும், அப்போதுதான் அடுத்த குழாயின் முதுகில் அது பதிந்து உட்காரும். மூன்று மணி நேரம் அரம் போட்டேன். ஒரு பக்கம் பொருந்தினால் மறுபக்கம் விலகுகிறது. அராவி அராவிக் குழாயே குட்டையாகிவிட்டது. இப்போது கையில் ஐந்துதான் இருக்கிறது, இனி ஒன்றைக் கெடுத்தாலும் வேலை நின்றுவிடும். படத்திலுள்ள எல்லா அளவும் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். குழாயின் குறுக்களவு, சாய்வு, தரையிலிருந்து சீட் உயரம், எல்லாம். துணி வெட்டுகிற மூளைக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.

சைக்கிள் விஷயம் அவ்வளவுதான். இன்னொன்று மனதில் கிடக்கிறது, போனில் சொல்ல வந்தால் வைத்துவிடுவீர்கள். அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கையெழுத்துப் போட்டாச்சு. அடுத்த வாரம் கிளம்பறேன்" என்றீர்கள். நான் அப்போது அடுப்படியில் நின்றிருந்தேன். நீங்கள் போனதில் எனக்குச் சண்டை இல்லை. நீங்கள் வேலை பார்த்த தையல் கடையை மூடிவிட்டார்கள், வேறு வழி இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் இருபத்திரண்டு பக்க ஒப்பந்தத்தில் ஒவ்வொரு பக்கமும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஒரு பக்கத்திலாவது என் ஞாபகம் வரவில்லையா?

மெக்கானிக்


மார்ச் 13

மெக்கானிக் அம்மாவுக்கு,

இதோடு எட்டுக் காகித அட்டைகள் இருக்கின்றன, மடங்காமல் எடு. சட்டைக் கை உடம்போடு சேருகிற இடத்தைப் பார்த்திருக்கிறாயா? கையும் ஒரு குழாய்தான், உடம்பும் ஒரு குழாய்தான். தட்டையான துணியில் அந்த வளைவை வெட்டி, சுருட்டித் தைத்தால் பொருந்திவிடும். உன் குழாயின் சுற்றளவுக்கு அதே வளைவைப் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றின் மேலும் பெயர் இருக்கிறது: சீட்டுக்கு முன்னால் நீளும் பாருக்குப் பார் முன், பார் பின், அதற்கடுத்து கீழ்க் குழாய் முன், இப்படி. அட்டையைக் குழாய் மேல் சுற்றி ஒட்டு, ஓரத்தில் பென்சிலால் கோடு போடு, அந்தக் கோட்டில் அறு. அரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் மூன்று நாள் உட்கார்ந்து போட்டேன். எங்கள் சூப்பர்வைசர் எந்தச் சட்டைக்கு இது என்று கேட்டார்.

நீ கேட்டதற்கு என்ன சொல்வது? ஒவ்வொரு பக்கத்திலும் உன் ஞாபகம்தான் வந்தது. அதனால்தான் வேகமாகக் கையெழுத்துப் போட்டேன். உன்னைக் கேட்டால் வேண்டாம் என்பாய். நீ வேண்டாம் என்ற பிறகு கிளம்பிப் போக எனக்குத் தைரியம் கிடையாது. கேட்காமல் இருந்தால் தைரியமே தேவைப்படாது என்று நினைத்தேன். கோழைத்தனம்தான், வேறு பேர் வைக்க முடியாது.

டெய்லர்

பி.கு: அளவை எதுவரைக்கும் மாற்றலாம்? சும்மாதான் கேட்கிறேன்.


ஏப்ரல் 2

டெய்லர் அவர்களுக்கு,

இரும்புக்குத் தையல் கிடையாது சாமி.

எட்டு முனையையும் உங்கள் அட்டை ஓரத்தில் கோடு போட்டு அறுத்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது வளைவு. தரையிலிருக்கும் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு குழாயும் இரண்டு பக்கமும் அரை அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கிறது. படம்தான் தப்பு என்று மூன்று தடவை அளந்தேன். பிறகு அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே மெல்லிசாகப் புள்ளிக்கோடு. தையலுக்கு விட்டிருக்கிறீர்கள். உங்கள் தங்கை தரையில் உட்கார்ந்து சிரித்தாள், பின் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து அதில் பாதியை அழித்தும்விட்டாள். நல்லவேளை, கூடுதலாக இருந்தது. குறைவாக இருந்தால் என் கதி?

மறுபடி புள்ளிக்கோட்டில் அறுத்தேன். இப்போது பாரையும் சீட் குழாயையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் ஒரு கீற்று கூடத் தெரியவில்லை. உங்களைத் திட்டத்தான் தாளை எடுத்தேன், ஆனால் இதையும் சொல்ல வேண்டும். இருபது வருடம் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது.

பித்தளையால் ஒட்டிப் பார்க்கத் துண்டுக் குழாயில் ஒரு மூட்டுப் போட்டேன். ஆறியதும் நடுவில் அறுத்து உள்ளே பார்த்தேன். பித்தளை சுற்றிலும் ஓடியிருக்கிறது. முதலாளி அதை வாங்கித் தன் மேஜையில் வைத்துக்கொண்டார், வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்.

அளவைத் தீ வைக்கும்வரை மாற்றலாம். வைத்துவிட்டால் மாற்ற முடியாது. ஏன், ஏதாவது மாற்ற வேண்டுமா?

கோழைத்தனம் என்று நீங்களே எழுதிவிட்டதால் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அட்டைகளை மட்டும் தூக்கிப் போட மனம் வரவில்லை. உங்கள் கையெழுத்தில் "பார் முன்" என்று இருக்கிறது. அலமாரியில் என் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மெக்கானிக்


ஏப்ரல் 20

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

மாற்ற ஒன்றுமில்லை. நீ அவசரப்படாமல் மெதுவாகச் செய். ஒரு நாளைக்கு ஒரு மூட்டு போதும்.

இங்கே எங்கள் அறையில் ஆறு பேரும் உன் சைக்கிளைத்தான் பேசுகிறார்கள். கடிதம் வந்தால் எனக்கு முன்னால் பட்டன் கேட்கிறார், "எதுவரைக்கும் வந்திருக்கு?" தையலுக்கு விட்ட அரை அங்குலத்தைப் படித்துக் காட்டினேன். எல்லோரும் துணி வேலைக்காரர்கள், அதனால் ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. "விட்டுத்தானே ஆகணும்?" என்கிறார்கள்.

ஒரு செய்தி, இதை நீ என்னிடமிருந்து முதலில் கேட்க வேண்டும். மேனேஜர் கூப்பிட்டார். ஆகஸ்ட் கடைசியில் என் இரண்டு வருடம் முடிகிறதல்லவா? இன்னும் மூன்று வருடம் இருந்தால் கட்டிங் பகுதி முழுவதையும் என் பொறுப்பில் தருகிறார்களாம். படிவம் இன்னும் வரவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

எண்பது அடுக்குத் துணியை மேஜையில் விரித்து, கையில் இரும்பு வலை உறை போட்டுக்கொண்டு வெட்டுகிறேன். அந்தக் கத்திக்கு முன்னால் வேறு எதையும் நினைக்கக் கூடாது. நான் உன்னை நினைக்கிறேன். உறை இருப்பதால் விரல் இருக்கிறது. முன்பெல்லாம் உன்னைப் பாரில் உட்கார வைத்து மிதிப்பேனே, ஏற்றத்தில் நீ இறங்காமல் "இன்னும் கொஞ்சம்தான், மிதிங்க" என்பாயே, அதை நினைக்கிறேன். மூச்சு வாங்கும், ஆனால் நீ இறங்கிவிடுவாயோ என்றுதான் பயமாக இருக்கும்.

டெய்லர்


மே 25

உங்களுக்கு,

முடித்துவிட்டேன். ஆனால் ஒரு கஷ்டம், கடைசியில் சொல்கிறேன்.

எல்லா மூட்டும் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டேன். இரும்பு மங்கலான சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு வரும் நேரத்தில் பித்தளைக் கம்பியைத் தொட வேண்டும். ஒரு நொடி முந்தினால் உருண்டை உருண்டையாக நிற்கும், ஒரு நொடி பிந்தினால் குழாயில் ஓட்டை விழும். சரியான நேரத்தில் தொட்டால் சுற்றிலும் தானாக ஓடும். முதல் மூட்டு ஓடியபோது என்னையறியாமல் "பாருங்க" என்று திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை, கம்ப்ரசர்தான் இருந்தது.

கழுத்திலிருந்து பின் சக்கரம் மாட்டும் இடம் வரை நூல் கட்டிப் பார்த்தேன், மயிரிழை கூடக் கோணவில்லை. கறுப்புப் பெயின்ட் அடித்து, சக்கரம் மாட்டி, செயின் போட்டுப் போன ஞாயிறு தெருவில் இறக்கினேன். நான் ஏறி உட்கார்ந்தேன். எனக்கு அளவெடுத்தது மாதிரி இருந்தது. எனக்குப் பொருந்தினால் உங்களுக்கு எப்படிப் பொருந்தும்?

உங்கள் தங்கையைக் கூப்பிட்டேன். அவளுக்கும் உங்களுக்கும் ஒரே கால்தானே, கல்யாண போட்டோவில் இரண்டு பேரும் எல்லோருக்கும் மேலே நிற்கிறீர்கள். அவள் ஏறி மிதித்தாள். முழங்கால் ஹேண்டிலில் முட்டியது. கடையில் விற்கிற சைக்கிள் மாதிரியே முட்டியது.

மூன்று நாள் தரையில் உட்கார்ந்து படத்தை மறுபடி மறுபடி அளந்தேன். கணக்கில் தப்பில்லை. முதலாளி, சீட்டை மட்டும் உயர்த்தி வை, சமாளிக்கலாம் என்றார். ஏற்கனவே நாளெல்லாம் மேஜையில் குனிகிற முதுகு அது, சைக்கிளிலும் குனிய வைக்க நான் எதற்கு? எங்கே தப்பு செய்தேன் என்று தெரியவில்லை. அழுகை வருகிறது. ஒன்று செய்யுங்கள். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கனமான புத்தகத்தைக் காலிடுக்கில் நன்றாக மேலே தூக்கிப் பிடித்து, அதன் மேல் ஓரத்திலிருந்து தரை வரை அளந்து எழுதுங்கள்.

மெக்கானிக்


ஜூன் 5

அன்புள்ள உனக்கு,

அளக்க வேண்டாம். அளந்துவிட்டேன். முப்பத்துநான்கு. மார்ச் மாதமே அளந்துவிட்டேன்.

நீ தாளில் எழுதி அனுப்பிய அளவுகளில் தரையிலிருந்து சீட் உயரம் இருந்தது. அட்டை போடும்போது அது கண்ணில் பட்டது. குறைவாக இருக்கிறதே என்று தோன்றியது. துணி வெட்டுகிற அறையின் சுவரில் சாய்ந்து, வருகைப் பதிவேட்டைக் காலிடுக்கில் வைத்துப் பட்டனை அளக்கச் சொன்னேன். முப்பத்துநான்கு. பேன்ட்டின் உள்கால் தரையைத் தொடாது, மேலேயும் கொஞ்சம் தொங்கலாக இருக்கும். முப்பத்தொன்று பேன்ட்டின் அளவு, என் காலின் அளவு இல்லை. இருபது வருடத்தில் என் காலை நான் அளந்ததே இல்லை.

உன் படத்தில் தப்பில்லை. தப்பு என்னுடையது, அது தெரிந்தும் உன்னிடம் சொல்லவில்லை. எழுத உட்கார்ந்தேன். "ஒரு அளவுகூடச் சொல்லத் தெரியாதா" என்று நீ தாளைக் கசக்கிப் போட்டுவிட்டால்? சைக்கிள் நின்றுவிடும். சைக்கிள் நின்றால் கடிதமும் நின்றுவிடும். மறுபடி கேஸ் இணைப்புக்கு ஒரு கடிதம், குழாய் ரிப்பேருக்கு ஒரு கடிதம் என்று ஆகிவிடும் என்று பயந்தேன். அடுத்த கடிதத்தில் சொல்கிறேன், அடுத்ததில் சொல்கிறேன் என்று தள்ளினேன். தீ வைத்துவிட்டாய்.

மூன்று நாள் தரையில் உட்கார்ந்து அளந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

டெய்லர்


ஜூன் 25

அன்புள்ள உனக்கு,

நீ எழுதவில்லை. எழுதமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் தபால் வரும் நேரத்தில் வாசலுக்குப் போகிறேன். இரண்டு தடவை போனைக் கையில் எடுத்து வைத்துவிட்டேன்.

படிவம் வந்துவிட்டது, அதன் நகல் இதோடு இருக்கிறது. பதினொரு பக்கம். எந்தப் பக்கத்திலும் நான் கையெழுத்துப் போடவில்லை. ஜூலை பதினைந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

போனில் கேட்டால் நீ "உங்க இஷ்டம்" என்பாய். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் இருக்கவும் முடியாது, வரவும் முடியாது. என் மனதில் இருப்பதை இங்கே எழுதினால் நீ அதற்குத் தகுந்தமாதிரி பதில் சொல்வாய், அதனால் எழுதவில்லை. போன தடவை நான் கேட்கவில்லை. இந்தத் தடவை கேட்கிறேன். நான் என்ன செய்யட்டும்?

டெய்லர்


ஜூலை 8

உங்களுக்கு,

"நீ" என்றுதான் எழுத வருகிறது. அடித்துவிட்டு "நீங்கள்" என்று எழுதுகிறேன், இரண்டு இடத்தில் அடித்தல் தெரியும், மன்னிக்க வேண்டாம்.

ஜூன் மாத முதல் கடிதத்தைப் படித்த அன்றே பதில் எழுதியிருந்தால் தபால்காரருக்குக் கை சுட்டிருக்கும். நான் எனக்குக் கணக்கு வரவில்லை, கை வரவில்லை என்று தரையில் உட்கார்ந்து அழுகிறேன். நீங்கள் அங்கே எல்லாம் தெரிந்து வாய் மூடிக்கொண்டு இருக்கிறீர்கள். சொல்லாமல் கிளம்பினதும் இதுவும் எனக்கு ஒன்றுதான். சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட வாசல் வரை தூக்கிவிட்டேன். உங்கள் தங்கை குறுக்கே வந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள். "போடறதுன்னா போடுங்க அண்ணி. ஆனா ஏன் சொல்லலைன்னு எழுதியிருக்கான்ல, அதை மட்டும் இன்னொரு தடவை படிச்சுட்டுப் போடுங்க" என்றாள். நான் படித்துக் காட்டாத கடிதம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. உங்கள் குடும்பமே அப்படித்தான்.

படித்தேன். கடிதம் நின்றுவிடும் என்று பயந்ததாக எழுதியிருக்கிறீர்கள்.

நான் ஒன்று சொல்கிறேன், இது உங்கள் தங்கைக்கும் தெரியாது. அந்தக் குழாய்கள் உங்கள் புள்ளிக்கோட்டில் அறுத்ததுமே பொருந்திவிட்டன. ஏப்ரலிலேயே நான் எல்லாவற்றையும் ஒட்டி முடித்திருக்கலாம். முடித்தால் என்ன எழுதுவது? பொருந்திய முனையையே ஒவ்வொரு ஞாயிறும் எடுத்து இன்னும் கொஞ்சம் அராவுவது மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தேன். எழுத ஒரு சாக்கு வேண்டுமே என்று. நீங்கள் மெதுவாகச் செய் என்று எழுதியபோது நான் ஏற்கனவே மெதுவாகத்தான் செய்துகொண்டிருந்தேன். அதனால் உங்களைத் திட்டுகிற உரிமையில் பாதி எனக்கு இல்லாமல் போய்விட்டது. மீதிப் பாதிக்கு நேரில் திட்டுவேன்.

இப்போது படிவம். "உங்க இஷ்டம்" என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது சுலபம். நீங்கள் தங்கினாலும் வந்தாலும் பழி என் மேல் விழாது, ஆயுசு முழுக்கக் குத்திக் காட்டிக்கொண்டு இருக்கலாம். ஆனால் கேட்டுவிட்டீர்களே, பதில் சொல்லத்தானே வேண்டும்.

கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று வருடம் வேண்டாம், மூன்று மாதம்கூட வேண்டாம். இங்கே வந்து என்ன வேலை பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதை இரண்டு பேருமாக உட்கார்ந்து யோசிக்கலாம். எனக்கு நீங்கள் இங்கே வேண்டும், முன் அறைக் கட்டிலில், ஈரத் துண்டை அதன் மேலேயே போட்டுக்கொண்டு, என்னோடு சண்டை போட்டுக்கொண்டு.

நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்றுதான் முதல் தடவை கேட்கவில்லை என்று எழுதினீர்கள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா? "போயிட்டு வாங்க" என்றுதான் சொல்லியிருப்பேன். அழுதுகொண்டே சொல்லியிருப்பேன். ஆனால் சொல்லியிருப்பேன். ரயில் நிலையத்துக்கும் வந்திருப்பேன்.

பாரையும் சீட் குழாயையும் மறுபடி சூடாக்கிப் பிரித்து எடுத்துவிட்டேன். முதலாளி வாங்கித் தந்த புதுக் குழாய் இரண்டும் அறுக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கின்றன.

இதைத் திரும்பப் படித்தால் கிழித்துவிடுவேன், அதனால் படிக்காமல் ஒட்டுகிறேன்.

மெக்கானிக்


ஜூலை 19

என் அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. பதினெட்டாம் தேதி.

பதினைந்தாம் தேதி வரை வரவில்லை. அன்று மாலை நாலரைக்கு மேனேஜர் கூப்பிட்டு, என்ன முடிவு என்றார். வீட்டில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை என்றேன். அவர் சிரித்தார். "இவ்வளவு பெரிய மாஸ்டர், வீட்டுல கேக்கணுமா?" என்றார். ஆமாம் என்றேன். இரண்டு நாள் பொறுக்க முடியுமா என்று கேட்டேன், முடியாது என்றார். இருந்தால் கையெழுத்து, இல்லையென்றால் இல்லை, இப்போதே சொல்லுங்கள் என்றார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஐந்து மணிக்குக் கோப்பை மூடிவிட்டார். அந்தப் பொறுப்பை மறுநாளே இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல மனிதர், கை சுத்தம்.

அதற்குப் பிறகு மூன்று நாள் நான் பட்ட பாடு உனக்குச் சொல்ல வேண்டும். நீ "இருங்கள்" என்று எழுதியிருந்தால்? கோபம் ஆறாமல் வரவே வேண்டாம் என்று எழுதியிருந்தால்? கையிலிருந்ததையும் விட்டுவிட்டு நிற்கிறேனே என்று இருந்தது. ஆனால் உன்னைக் கேட்டுவிட்டு, பதில் வருமுன் மறுபடி நானே முடிவு செய்வது என்னால் ஆகவில்லை. அது எவ்வளவு பயமாக இருந்தாலும் ஆகவில்லை.

கடிதத்தை வெட்டும் மேஜை ஓரத்தில் நின்று படித்தேன். பட்டன் வந்து, "பிரேம் என்ன ஆச்சு?" என்றார். "பிரிச்சுட்டா" என்றேன், சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் பாவம், போனால் போகிறது, வேறொன்று செய்துகொள்ளலாம் என்று தோளைத் தட்டிக்கொடுத்தார். நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.

போயிட்டு வாங்க என்று சொல்லியிருப்பேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியிலேயே நிற்கிறேன். இரண்டு வருடமாக உன் வாயில் நான் வைத்திருந்த பதில் உன்னுடையதே இல்லை. உன்னோடு பத்து வருடம் குடும்பம் நடத்தியவன் நான்.

ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு வேலை முடிகிறது. செப்டம்பர் இரண்டாம் தேதி காலை ரயில் இருக்கிறது, மறுநாள் மதியம் அங்கே. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. நீ எழுதியதைப் படித்துவிட்டேன்தான், இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். வரட்டுமா?

டெய்லர்


ஜூலை 27

வாங்க.

நாலு பக்கம் எழுத வேண்டும் என்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு மேல் கை ஓடவில்லை.